நேற்று தங்காத பெட்டிகள்

காலையில் ஷட்டரைத் தூக்கியதும் தில்லேஸ்வரி முதலில் செய்கிற காரியம் தேதியைத் திருத்துவது. கடையிலிருக்கும் நான்கு கம்ப்யூட்டர்களும் ராத்திரியோடு ராத்திரியாக ஏதோ ஒரு பழைய வருஷத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டிருக்கும். ஒவ்வொன்றையும் இழுத்துக்கொண்டு வந்து இன்றைய தேதியில் நிறுத்தவேண்டும். அப்புறம் கழுத்தில் தாலியோடு தாலியாகத் தொங்கும் பென்டிரைவைச் செருகி, இன்டர்நெட்டைத் திறக்கிற புது சாஃப்ட்வேரை ஏற்றவேண்டும். அப்புறம் பிரிண்டர் எதுவென்று காட்டிக்கொடுக்க வேண்டும். அப்புறம் தெலுங்கு எழுத்து. ஒரு பெட்டி முடிந்தால் அடுத்த பெட்டி. எங்கள் ஆந்திர ஊரான மந்தசாவில் மற்றப் பெண்கள் வாசல் தெளித்துக் கோலம் போடும் நேரத்தில் அவள் போடும் கோலம் இதுதான். சாயங்காலம் கடையை மூடி ஸ்விட்சை அணைத்தால் அத்தனையும் போய்விடும். மறுநாள் மறுபடியும் தேதியிலிருந்து ஆரம்பிக்கவேண்டும்.

தேதி போவது உள்ளே சின்ன பாட்டரி செத்துப்போனதால். மற்றதெல்லாம் பெட்டிகளின் கோளாறு இல்லை. அவள் புருஷன் கூர்மாராவ் செய்துவைத்த ஏற்பாடு. கடை திறந்த புதிதில் காலேஜ் பையன்கள் கண்ட கண்ட பென்டிரைவைக் கொண்டுவந்து செருகி நான்கு பெட்டிகளுக்கும் சீக்கு வரவழைத்தார்கள். விளையாட்டு ஏற்றினார்கள், பாட்டு ஏற்றினார்கள், ஒருவன் அரைகுறை உடுப்பு நடிகை ஒருத்தியின் படத்தைத் திரையில் போட்டுவிட்டுப் போய்விட்டான். அதற்கு அடுத்தபடியாக ஹால் டிக்கெட் எடுக்க வந்தவள் வாசுதேவர் கோயில் அர்ச்சகரின் மகள். ஊரே சிரித்தது. கூர்மாராவுக்கு ரோஷம் வந்துவிட்டது. விசாகப்பட்டினம் போய் யாரிடமோ கேட்டு ஒரு பூட்டு வாங்கி வந்தான். இரும்புப் பூட்டு இல்லை, கம்ப்யூட்டருக்குள் போடுகிற பூட்டு. அதைப் போட்டுவிட்டால் நாள் முழுக்க எத்தனை பேர் வந்து உட்கார்ந்து என்ன கூத்தடித்தாலும், ஒருதடவை அணைத்துப் போட்டால் பெட்டி பூட்டின அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே எழுந்திருக்கும். "நம்ம கடைப் பெட்டிங்களுக்கு நேத்துன்னு ஒண்ணு கிடையாது," என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டான். காதல் கடிதம் அடிக்க வந்தவர்களுக்கும் அது சௌகரியமாக இருந்தது.

பூட்டைத் திறக்க ஒரு பாஸ்வேர்டு உண்டு. அது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். மஸ்கட்டில் வெல்டர் வேலை என்று விசா வந்தபோது பூட்டைப் போட்டுவிட்டு, பாஸ்வேர்டைச் சொல்லாமல் விமானம் ஏறிவிட்டான். அவளும் கேட்கவில்லை. ரெண்டு வருஷத்தில் திரும்பப் போகிற மனுஷனிடம் சாவியை ஏன் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்று இருந்துவிட்டாள். முதலில் வாரம் தவறாமல் போன் வந்தது. அப்புறம் பண்டிகைக்குப் பண்டிகை வந்தது. அப்புறம் நின்றுபோனது.

ஜெயிலில் இருக்கிறான் என்றார்கள். எண்ணெய்க் குழாயிலிருந்து விழுந்துவிட்டான் என்றார்கள். எங்கள் பக்கத்தில் வளைகுடாவுக்குப் போய்த் தகவல் இல்லாமல் போனவர்களுக்கு இப்படி ஏழெட்டுக் கதைகள் தயாராக இருக்கும். தில்லேஸ்வரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, காலையில் வந்து தேதியைத் திருத்தினாள். மத்தியானம் கரண்ட் போனால் ஏற்றினதெல்லாம் போய்விடும், வந்ததும் மறுபடி ஏற்றுவாள். இன்வர்ட்டர் பாட்டரி எப்போதோ செத்துவிட்டது. அந்த மனுஷன் வந்து பாஸ்வேர்டை அடித்தால் இந்தப் பாடெல்லாம் ஒரே நாளில் தீர்ந்துவிடும், அதுவரைக்கும் கை வலித்தால் வலிக்கட்டும் என்று நினைத்துக்கொள்வாள். அவளுக்கு நம்பிக்கை என்று இருந்தது அந்த ஒன்றுதான்.

பக்கத்து டவுன் பலாசாவிலிருந்து பைக்கில் வரும் ரிப்பேர்க்காரன் முகலிங்கம் ஒவ்வொரு தடவையும் ஒரே யோசனையைத்தான் சொல்வான். "மொத்தமா அழிச்சிட்டுப் புதுசா போட்டுடலாம்கா. பூட்டும் போயிடும், பாடும் போயிடும்." அவள் பதில் சொல்வதற்கு முன்னால் வாசல் பெஞ்சிலிருந்து மாமனார் தவிட்டய்யா கனைப்பார். "என் பிள்ளை பூட்டினதை என் பிள்ளைதான் திறப்பான்."

கிழவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஒன்றில் ஆபரேஷன் செய்தும் சரியாக வரவில்லை. ஆனாலும் காலையில் வீட்டிலிருந்து செம்பில் டீ வாங்கிக்கொண்டு தட்டித் தடவி வந்துவிடுவார். முதல் பெட்டிக்கு முன்னால் நின்று, கையைக் கண்ணுக்குக் குடை பிடித்துத் திரையைப் பார்ப்பார். திரையில் கூர்மாராவ் நீலச் சட்டையில், இடுப்பில் மூன்று வயது மௌனிகாவோடு கோயில் படியில் நின்றுகொண்டிருப்பான். பூட்டின அன்று இருந்த படம். யார் மாற்றினாலும் மறுநாள் காலையில் அதேபோல் வந்து நிற்கும். கிழவர் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கான்," என்று சொல்லிவிட்டுப் பெஞ்சுக்குப் போவார். மௌனிகா இப்போது ஏழாவது படிக்கிறாள். அந்தப் படத்தில் இருப்பது தான்தான் என்று அவளுக்கே நம்பிக்கை கிடையாது.

இந்த வருஷம் தசராவுக்கு முன்னால் சர்க்கார் விண்ணப்பம் போடுகிற இணையதளம் மாறிவிட்டது. தில்லேஸ்வரியின் பென்டிரைவில் இருந்த சாஃப்ட்வேரில் அது திறக்கவில்லை. அதைவிடப் புதுசைக் கொண்டுவந்து ஏற்றிப் பார்த்தாள். இந்தப் பழைய பெட்டியில் உட்கார மாட்டேன் என்று அது சொல்லிவிட்டது. ரேஷன் கார்டு, ஸ்காலர்ஷிப், சாதிச் சான்றிதழ், இதெல்லாம்தான் கடையின் சோறு. எதிரில் தேங்காய் மண்டிக்காரர் மகன் கண்ணாடிக் கதவும் ஏசியும் வைத்து ஒரு கடை திறந்திருந்தான். ஜனங்கள் தில்லேஸ்வரியின் வாசலில் செருப்பைக் கழற்றப் போய், ஒரு நிமிஷம் நின்று, மறுபடி மாட்டிக்கொண்டு ரோட்டைக் கடந்தார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனாலும் வயிறு எரியத்தான் செய்தது.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம், முந்திரிக் கொட்டகையில் வேலை பார்க்கும் நீலவேணி குடையோடு வந்தாள். வதினா என்று ஒருத்தியை ஒருத்தி கூப்பிட்டுக்கொள்வார்கள், அண்ணி முறை. முந்திரிக் கொட்டையை உடைத்து உடைத்து அதன் எண்ணெய் ஏறி அவள் விரல்களெல்லாம் கறுத்துத் தோல் உரிந்திருக்கும். ஆதாருக்குக் கைரேகை வைக்கச் சொன்னால் அந்த மிஷின், இப்படி ஒரு மனுஷியே இல்லை என்று அடம்பிடிக்கும். அவள் புருஷன் ஜோகாராவ் தசராவுக்கு வளைகுடாவிலிருந்து வந்திருந்தான். பாத்திரத்தில் சோறும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுவந்து, வராத கோபத்தையெல்லாம் மழை மேல் காட்டிக்கொண்டு, தட்டில் பரிமாறினாள். பரிமாறிவிட்டு மறுபடியும் பரிமாறினாள். தில்லேஸ்வரி கையைக் குறுக்கே வைத்தாள்.

"எதுக்கு வந்தியோ அதைச் சொல்லு வதினா. குழம்பு ஊத்தறதுக்கு நீ இந்த மழைல வரல."

"சாப்பிடு மொதல்ல."

"சாப்பிட்டாப்லதான். சொல்லு."

"எங்க வீட்டுக்காரர் வர்ற வழில உங்க வீட்டுக்காரரைப் பாத்தாராம்."

தில்லேஸ்வரியின் கை சோற்றிலேயே நின்றது. உயிரோடு இருக்கிறான் என்ற சந்தோஷம்தான் முதலில் வந்தது. அதை மறைக்கவும் தோன்றவில்லை. "மஸ்கட்லயா?"

"இல்ல. பம்பாய்க்குப் பக்கத்துல பிவண்டியாம். லாரிக்கு பாடி கட்டற பட்டறைல வேலையாம். பாத்ததும் ஓடி ஒளியல. கூட்டிட்டுப் போய் டீ வாங்கிக் குடுத்தாராம்."

"எப்ப வந்தாராம் அங்க?"

"மூணு தசரா போயிடுச்சுன்னு சொன்னாராம்."

மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. பிவண்டியிலிருந்து ரயில் ஏறினால் ரெண்டு நாளில் பலாசா. மூன்று தசரா. தில்லேஸ்வரி தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"தனியாவா?"

நீலவேணி மறுபடி குழம்புக் கரண்டியை எடுத்தாள்.

"கேட்டதுக்குச் சொல்லு வதினா."

"தனியா இல்ல. குழந்தையும் இருக்கு."

அப்புறம் தில்லேஸ்வரி கேட்ட கேள்வியை நீலவேணி ஊரெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

"பாஸ்வேர்டு ஏதாவது சொல்லி அனுப்பினாரா?"

"என்ன பொம்பள நீ," என்றாள் நீலவேணி. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு ஜோகாராவ் கொடுத்த போன் நம்பரைச் சொன்னாள்.

கிழவர் சாப்பிட்டுவிட்டு வீட்டில் கண்ணயர்கிற நேரம் பார்த்து, தில்லேஸ்வரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, முதல் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து போன் செய்தாள். எதிரே திரையில் நீலச் சட்டை சிரித்துக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் இரும்பு அறுக்கிற சத்தம். ஹிந்தியில் யார் என்று கேட்டான்.

"நான்தான்."

அறுக்கிற சத்தம் தூரமாகப் போனது. எங்கோ நடந்து வெளியே வந்துவிட்டான் என்று தெரிந்தது.

"ஜோகாராவ் சொல்லிட்டானா," என்றான்.

"உங்களைத் திட்டறதுக்குக் கூப்பிடல. பூட்டோட பாஸ்வேர்டு சொல்லுங்க, போதும்."

"எந்தப் பூட்டு?"

அவள் அதற்குத் தயாராக இருக்கவில்லை. வேறு எதற்கு வேண்டுமானாலும் தயாராக வந்திருந்தாள்.

"கடைக் கம்ப்யூட்டர்ல நீங்க போட்டுட்டுப் போனது."

"அதுவா. அந்தப் பெட்டிங்க இன்னுமா இருக்கு? நான் போன மறுமாசமே பழைய சாமான்காரனுக்கு நீ போட்டிருப்பேன்னு நெனச்சேன் தில்லி. அப்பவே அதுங்க ஏதோ ஆபீஸ்ல கழிச்சுப் போட்டது."

"நான் தெனமும் காலைல வந்து..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். இவனிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது. "பாஸ்வேர்டு," என்றாள்.

மௌனிகாவின் பேரைப் போட்டுப் பார் என்றான். அவள் தோளில் போனை இடுக்கிக்கொண்டு அடித்தாள். இல்லை என்றது. பேருக்குப் பின்னால் பிறந்த வருஷம். இல்லை. தன்னுடைய பழைய பைக் நம்பரைச் சொல்லப் பார்த்தான், பாதிக்கு மேல் அவனுக்கு ஞாபகமில்லை, மீதியை அவள் சொன்னாள். அதுவும் இல்லை. அவன் அம்மா பேர், ஊர் அம்மன் அம்மவாரு பேர் என்று என்னென்னவோ போட்டுப் பார்த்தார்கள். புருஷனும் பெண்சாதியும் சேர்ந்து செய்த வேலை என்று பார்த்தால் எத்தனையோ வருஷத்துக்கப்புறம் அது ஒன்றுதான். உன் பேரைப் போட்டுப் பார் என்று அவன் சொல்லவே இல்லை. அவளே போட்டுப் பார்த்தாள். அதுவும் இல்லை.

அந்தப் பக்கம் ஒரு குழந்தை பப்பா பப்பா என்று கூப்பிட்டது. போன் மேல் கையை வைத்து அவன் ஏதோ சமாதானம் சொல்வது கேட்டது.

"ஞாபகம் இல்ல தில்லி. மறந்துபோச்சு," என்றான் திரும்பி வந்து. பிறகு, ஏதாவது கேட்க வேண்டுமே என்று, "அப்பா எப்படி இருக்கார்?"

"கண்ணு தெரியல."

"பாத்துக்கோ," என்றான். வைத்துவிட்டான்.

தில்லேஸ்வரி அழவில்லை என்று சொன்னால் பொய். பெட்டியின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதாள். போனவனுக்காக இல்லை. இத்தனை காலமாக, பத்திரமாக இருக்கட்டும் என்று அவன் பூட்டிவிட்டுப் போனதாக நினைத்துக்கொண்டு, காலையில் காலையில் வந்து ஒரு மறதிக்கு உழைத்துக் கொட்டினோமே என்றுதான் அழுதாள். மழைக்கு ஒதுங்கின யாரோ ரெண்டு பேர் ஷட்டருக்கு வெளியே முந்திரி விலை பேசிக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் மாமனாரிடம், போன் கிடைத்தது, பேசினேன், பாஸ்வேர்டு அவருக்கே மறந்துபோச்சாம் என்று மட்டும் சொன்னாள். கிழவர் செம்பைக் கீழே வைத்தார். எங்கே இருக்கிறான், சாப்பிடுகிறானா, எப்போது வருகிறான் என்று ஒரே மூச்சில் கேட்டார். வேலை முடிந்ததும் வருகிறாராம் என்று சொல்லிவிட்டாள். வேறு என்ன சொல்வது. கிழவர் செம்பை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார்.

"அவனுக்கே தெரியலன்னா அழிச்சுக்கோம்மா. கடை ஓடணும்ல. ஆனா அந்தப் படம் மட்டும் போயிடாம பாத்துக்கச் சொல்லு."

சரி மாமா என்றாள்.

மழை விட்ட அன்று முகலிங்கம் வந்தான். பெட்டிகளின் மூடியைக் கழற்றி, உள்ளே பூச்சி கட்டியிருந்த கூட்டையும் தூசியையும் பிரஷ்ஷால் தட்டினான். சீடியைப் போட்டுவிட்டுக் கேட்டான்.

"அழிச்சா அழிச்சதுதான்கா. எடுத்து வைக்கிறது ஏதாவது இருந்தா சொல்லு, பென்டிரைவ்ல போட்டுத் தரேன். படம் கிடம்?"

கிழவர் வாசலில்தான் இருந்தார். தில்லேஸ்வரி வாசலையும் திரையையும் பார்த்தாள். ஒரு நிமிஷ வேலை. பென்டிரைவ் கழுத்திலேயே தொங்கியது.

"ஒண்ணும் இல்ல. அழி," என்றாள், வாசலுக்குக் கேட்காத குரலில்.

இரண்டாவது பெட்டியின் டிஸ்க் அழிக்கிற பாதியிலேயே கட்டெறும்பு கடித்தாற்போல் கீச்சிட்டு நின்றுவிட்டது. மூன்றாவதும் நாலாவதும் அழிந்தன, ஆனால் புதுசு எதுவும் அவற்றில் ஏறவில்லை. இதுங்களுக்குப் பலம் பத்தாதுக்கா, பழைய சாமானுக்குத்தான் என்றான் முகலிங்கம். அவன் குரலில் கொஞ்சம் குற்ற உணர்ச்சி இருந்தது. முதல் பெட்டி மட்டும் மூச்சு வாங்கி மூச்சு வாங்கி ஏறிக்கொண்டு, சாயங்காலத்துக்குள் எழுந்து நின்றது. வெறும் நீலத் திரை. ஒரு படமும் இல்லை.

"பூட்டுப் போடவாக்கா? பாஸ்வேர்டு நீயே அடி, நான் பாக்க மாட்டேன்," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"வேண்டாம்."

"பல பேர் உக்கார்ற பெட்டி. பூட்டு இல்லன்னா ஒரே வாரத்துல குப்பையாக்கிடுவானுங்க."

"ஆக்கட்டும். நேத்து நடந்தது நேத்து நடந்ததாவே கெடக்கட்டும் முகலிங்கம். தெனமும் ஒண்ணுமே நடக்காத மாதிரி எழுந்து நிக்கறதைப் பாத்துப் பாத்து எனக்குப் போதும்னு ஆயிடுச்சு."

அவன் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

மறுநாள் தேதியைத் திருத்துகிற வேலை இல்லை. முகலிங்கம் சின்ன பாட்டரியையும் மாற்றியிருந்தான். பென்டிரைவைச் செருகும் வேலையும் இல்லை. தில்லேஸ்வரிக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. தலைவலி என்று கிழவர் அன்று வரவில்லை. மத்தியானத்துக்கு மேல், போலீஸ் வேலைக்கு விண்ணப்பம் போட ஒரு பையன் வந்தான். மலையடிவார ஊர்க்காரன். எதிர்க்கடையில் கூட்டமாக இருந்ததால் இங்கே வந்தேன் என்று ஒளிக்காமல் சொன்னான். அவனுடைய போட்டோவை வாங்கி ஸ்கேனரில் வைத்து எடுத்துத் திரையில் போட்டாள். பேர், ஊர், உயரம், மார்பளவு எல்லாம் அடித்தாள். சர்க்கார் தளம் திறந்தது. திறந்து பாதிப் பக்கம் காட்டிவிட்டு அப்படியே நின்றது. பெட்டி மூச்சு வாங்கியது. ஏழெட்டுத் தடவை முயன்றாள். ஒவ்வொரு தடவையும் அதே பாதிப் பக்கம்.

பையன் மரியாதைக்காரன். எழுந்து போகவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் நெளிந்தான். கடைசித் தேதி அன்றுதானாம்.

"எதிர்க்கடைக்குப் போப்பா," என்று அவளே சொன்னாள். "அங்க ஆயிடும்."

அவன் ரோட்டைக் கடந்து கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகிறவரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பெட்டியை அணைத்துவிட்டு, அணைத்தது அணைந்துவிட்டதா என்று மறுபடி ஒருதடவை பார்த்து, ஷட்டரை இழுத்தாள். போகிற வழியில் நீலவேணி வீட்டில் ஏறி, கொட்டகையில் ஆள் வேண்டுமா என்று கேட்டாள். ஆள் எப்போதும் வேண்டும். முந்திரிக்கு விரல்கள் தீர்ந்துகொண்டே இருக்கும்.

அடுத்த காலை கொட்டகைக்குப் போகிற வழியில் கடையைத் திறந்தாள். ஏன் திறந்தாளென்று அவளுக்கே தெரியாது. பழக்கம். ஸ்விட்சைப் போட்டாள். பெட்டி முனகி முனகி எழுந்தது. வெறும் நீலமாக வரும் என்று பார்த்தால், நேற்று அந்தப் பையனுக்காக எடுத்த போட்டோ திரை முழுக்கத் திறந்தபடி வந்து நின்றது. அவசரத்தில் எங்கே தட்டினாளோ, முகப்புப் படமாகவே அது உட்கார்ந்துவிட்டிருந்தது. அரும்பு மீசை, எண்ணெய் தடவி வாரின தலை, நீலச் சட்டை. யார் வீட்டுப் பிள்ளையோ. அந்தப் பெட்டி ஒரு நேற்றை வைத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. வைத்துக்கொண்டதோ, அவளால் செய்து கொடுக்க முடியாமல் போன வேலை.

அழிப்பதற்குக் கையைக் கொண்டுபோனவள், செம்புச் சத்தம் கேட்டுத் திரும்பினாள். தவிட்டய்யா வாசற்படியைக் காலால் தடவி ஏறி வந்துகொண்டிருந்தார். பேசாமல் முதல் பெட்டிக்கு முன்னால் போய் நின்றார். கையைக் கண்ணுக்குக் குடை பிடித்தார். முகத்தைத் திரைக்குக் கிட்டத்தில், மூக்கு இடிக்கிற அளவுக்குக் கொண்டுபோனார்.

"போகலியே," என்றார் கிழவர். "போயிடும்னு பயந்துகிட்டே இருந்தேன். ராத்திரியெல்லாம் தூக்கம் இல்ல. முகலிங்கம் கெட்டிக்காரன்."

அவள் அழிக்கக் கொண்டுபோன கையை இழுத்துக்கொண்டாள்.

"கொஞ்சம் இளைச்சிருக்கான், இல்ல?"

"ஆமா மாமா."

"கொழந்தை எங்க? இடுப்புல இருக்குமே."

"கொழந்தை பெரிசாயிடுச்சுல்ல மாமா. இறங்கிப் போயிடுச்சு."

கிழவர் சிரித்தார். அதில் ஒரு நியாயம் இருப்பதாக அவருக்குப் பட்டிருக்க வேண்டும். ரோட்டிலிருந்து நீலவேணி, நேரமாகிறது வதினா என்று குரல் கொடுத்தாள். தில்லேஸ்வரி கழுத்திலிருந்து பென்டிரைவைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டு, பெட்டியை அணைக்கக் கையை நீட்டினாள். கிழவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அணைச்சா போயிடுமாம்மா?"

"போகாது மாமா," என்றாள். "இனிமே எதுவும் போகாது."